விசுவாசம் தந்த பலம்

பேர்ல் பக் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு 'தி குட் எர்த்' என்கிற நாவல்தான் நினைவுக்கு வரும். வாங் லுங் என்ற சீனக் குடியானவனின் கதை அது, 1931-இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதிக் குவித்த நாவல்களில் பலவற்றைப் படிக்காமல் இருந்துவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் 1936-இல் ஒரே வருஷத்தில் அவர் வெளியிட்ட இரண்டு புஸ்தகங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. தாயாரைப் பற்றியது 'தி எக்ஸைல்'. தகப்பனாரைப் பற்றியது 'ஃபைட்டிங் ஏஞ்சல்'. இரண்டும் வாழ்க்கைச் சரித்திரங்கள். 1938-இல் அவருக்கு நோபல் பரிசு தந்தவர்கள் குடியானவர் வாழ்க்கையைச் சித்திரித்த நாவல்களோடு இந்தச் சரித்திரங்களையும் சேர்த்தே பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பாதியை உலகம் மறந்துவிட்டது.

மிஷனரிகளைப் பற்றி எழுதப்படுகிற புஸ்தகங்கள் பொதுவாக இரண்டே ரகந்தான். ஒரு ரகத்தில் காய்ச்சல் வரும், கலகம் வரும், தனிமை வரும், பாதிரியார் முழந்தாளிட்டு ஜெபிப்பார், பலம் வந்துவிடும், அடுத்த அத்தியாயம் ஆரம்பிக்கும். மற்ற ரகம் இதற்கு நேர் எதிர். சாமர்செட் மாம் 'மழை' என்ற கதையில் செய்ததைப் போலப் பாதிரியாரின் மேலங்கியைக் கழற்றி, உள்ளே சாதாரண மனுஷனின் இச்சைதான் இருக்கிறது என்று காட்டுவது. முதல் ரகத்தில் விசுவாசம் ஒரு மருந்து. இரண்டாவதில் அது ஒரு வேஷம். பேர்ல் பக் இரண்டையும் விட்டுவிட்டு, ஒரு பெண் குழந்தை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேட்கக் கூடிய கேள்வியைக் கேட்கிறார். அப்பாவுக்கு இத்தனை பலம் இருக்கிறதே, அதற்கு விலை கொடுப்பது யார்?

தகப்பனார் ஆப்ஸலம் சைடன்ஸ்ட்ரிக்கர். புஸ்தகத்தில் ஆண்ட்ரூ என்று பெயர். அமெரிக்காவில் மேற்கு வர்ஜினியா பக்கத்து மனிதர். 1880-இல் கல்யாணமான கையோடு மனைவி காரியை அழைத்துக்கொண்டு சீனாவுக்குக் கப்பலேறினார். புது மாப்பிள்ளை ரயிலுக்கு ஒரே ஒரு டிக்கட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றாராம். தமக்கு ஒரு மனைவி வந்துவிட்டாள் என்பது அந்த மனிதருக்கு ஞாபகத்தில் இல்லை! மகள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். ஆனால் அந்த இரண்டாவது டிக்கட்டு கடைசி வரையில் வாங்கப்படவே இல்லை என்பதுதான் இரண்டு புஸ்தகங்களின் விஷயமும் என்று சொல்லலாம்.

ஆண்ட்ரூவுக்குத் தம்மைக் கடவுள் அழைத்தார் என்பதில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. 1900-இல் பாக்ஸர் கலகத்தின்போது அன்னியர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். மனைவி மக்களை ஷாங்காய்க்கு அனுப்பிவிட்டு, யாங்ட்ஸி நதிக் கரையில் ஜென்ஜியாங் ஊரில் அவர் தங்கிவிட்டார். பயத்தை அடக்கிக்கொண்டு நின்றார் என்றுகூடச் சொல்ல முடியாது. பயம் அவரிடத்தில் வந்து உட்கார இடமே இல்லை. பைபிளின் புதிய ஏற்பாட்டைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற சீனத்தில் பெயர்ப்பது அவருடைய ஆயுள் வேலை. திருத்துவார், அச்சடிப்பார், மறுபடியும் திருத்துவார். பணம் குடும்பச் செலவிலிருந்து போகும். குழந்தைகள் ஆசைப்பட்ட சின்னஞ்சிறு சாமான்கள் அப்படித்தான் வாங்கப்படாமலே போயின. அவர் கல்நெஞ்சர் அல்ல, கவனிக்கவில்லை, அவ்வளவுதான். நிச்சயமான விசுவாசம் ஒரு மனிதனுக்கு எத்தனை தெம்பு தருமோ, அத்தனைக்கு அவனுடைய கண்ணையும் மறைத்துவிடும் என்று மகள் கணக்குப் பார்க்கிறார்.

காரியின் கதை வேறு. ஏழு குழந்தைகள் பெற்றாள். நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். போன ஊரிலெல்லாம் முதல் காரியமாக அமெரிக்கப் பூச்செடிகளை வைத்துத் தோட்டம் போட்டாள். தமையன் கொடுத்த ஆர்கன் பெட்டியை வீட்டுக்கு வீடு சுமக்கச் செய்து வாசித்தாள். இளம் வயதில், தன் தாயாரின் மரணப் படுக்கையில் கடவுளுக்கு வாக்குக் கொடுத்து இந்த வாழ்க்கைக்கு வந்தவள் அவள். அதன் பிறகு ஆயுள் பூராவும், சந்தேகத்துக்கு இடமில்லாத ஓர் அடையாளத்தைக் கடவுள் தனக்குக் காட்டுவார் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. கணவருக்குக் கேட்ட குரல் அவளுக்குக் கேட்கவே இல்லை. 1921-இல் ஜென்ஜியாங்கிலேயே இறந்தாள்.

'தி எக்ஸைல்' புஸ்தகத்தில் மறக்க முடியாத ஒரு கட்டம் உண்டு. மழை பொய்த்துவிட்டது. அன்னியர் ஊரில் இருப்பதால்தான் தெய்வங்களுக்குக் கோபம் என்று ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள். அன்றிரவு வந்து கொல்லப்போகிறார்கள் என்று தெரிகிறது. ஆண்ட்ரூ ஊரில் இல்லை. காரி தரையைப் பெருக்கித் துடைக்கிறாள். மேஜையில் தேநீரும் பலகாரமும் எடுத்து வைக்கிறாள். தூங்குகிற குழந்தைகளை எழுப்பி உடை உடுத்துகிறாள். வாசற்கதவைத் திறந்து வைத்து, தடியும் கத்தியுமாக வந்தவர்களை, உள்ளே வாருங்கள், தேநீர் சாப்பிடுங்கள் என்று உபசாரம் செய்கிறாள். வந்தவர்கள் திகைத்துப்போகிறார்கள், குழந்தையைத் தொட்டுப் பார்க்கிறார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்று இரவே மழை பெய்கிறது.

அந்த மழையை அற்புதம் என்று சொல்லிவிட எந்த மிஷன் பத்திரிகைக்கும் ஆசை வரும். பேர்ல் பக் அதில் அதிகம் நிற்கவில்லை. அவர் கண் தாயாரின் கையில் இருக்கிற துடைப்பத்தின்மேல் இருக்கிறது. அது ஒரு நல்ல எழுத்தாளருக்குரிய கண்.

ஆனால் இங்கேதான் எனக்கு ஆசிரியையோடு அபிப்பிராய பேதம். தகப்பனாருக்கு விசுவாசம் இருந்தது, தாயாருக்கு அது கிட்டவில்லை. மனிதப் பிரியத்தாலும் இயற்கையான துணிச்சலாலும் அவள் சமாளித்தாள் என்று மகள் தீர்ப்புச் சொல்கிறார். அவர் எழுதியிருக்கிற பக்கங்களே அந்தத் தீர்ப்புக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. பதில் கிடைத்துவிட்டவன் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போவதில் ஆச்சரியம் என்ன? பதில் வராமலேயே நாற்பது வருஷம், நான்கு குழந்தைகளை அன்னிய மண்ணில் பறிகொடுத்த பிறகும், வாசலுக்கு வந்த நோயாளிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தவளிடம் இருந்ததை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது? ஆண்ட்ரூவிடம் இருந்தது நிச்சயம். காரியிடம் இருந்ததுதான் விசுவாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிச்சயம் ஒருவனைத் தாங்கிக்கொண்டு போகிறது. விசுவாசத்தை ஒருத்தி தாங்கிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

இலக்கியமாகப் பார்த்தால் 'ஃபைட்டிங் ஏஞ்சல்'தான் மேலான புஸ்தகம். தாயார் இறந்த பிறகு, குடும்பத்துக்காக என்று எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதி 'தி எக்ஸைல்'. அதில் அன்பு அதிகம்; அதனால் அழுகையும் கொஞ்சம் அதிகம். தகப்பனார் விஷயத்தில் மகளுக்கு ஆத்திரம் இருந்தது. மனைவி போன பிறகு அவர் நான்கிங்கில் மகள் வீட்டில்தான் இருந்தார், 1931-இல் காலமானார். அந்தப் பத்து வருஷங்களில் ஆத்திரத்தோடு ஒரு வியப்பும் கலந்தது. ஆத்திரத்தையும் வியப்பையும் ஒரே வாக்கியத்தில் வைக்க வேண்டிய நிர்ப்பந்தம் வந்தபோது நடை கட்டுப்பட்டது, உணர்ச்சி ஒடுங்கியது, மனிதர் முழுசாக எழுந்து நின்றார். பிடிக்காதவருக்கு நியாயம் செய்ய முயலும்போது எழுத்து நேர்மையாகிறது.

1932-இல் நியூயார்க்கில் பேசும்போது, வெளிநாட்டு மிஷன்கள் அவசியந்தானா என்று அவர் பகிரங்கமாகக் கேட்டார். மிஷனரிகளின் கர்வத்தையும் அனுதாபமின்மையையும் கடுமையாகச் சொன்னார். பெரிய சச்சரவு எழுந்தது. மறு வருஷம் மிஷனிலிருந்து விலகிவிட்டார். அந்தப் பிரசங்கத்தில் இருப்பது அவருடைய கொள்கை. இந்த இரண்டு புஸ்தகங்களில் இருப்பது அவருடைய வீடு. கொள்கையில் விடை இருக்கிறது, வீட்டில் இல்லை.

படிக்க எடுப்பவர்கள் தாயாரை முதலிலும் தகப்பனாரை அடுத்தும் படிக்கவேண்டும். படித்து முடித்ததும், முதல் புஸ்தகத்தை மறுபடி ஒருதரம் புரட்டிப் பார்ப்பது நல்லது. அந்தத் துடைப்பம் அப்போது இன்னும் கொஞ்சம் கனமாகத் தெரியும்.