நடுக்குரலின் இரண்டு மேடைகள்

ஓபராவில் மெட்சோ-சொப்ரானோ என்ற நடுக்குரல் பாடகிக்குக் கிடைக்கும் வேடங்களைப் பட்டியலிட்டால் தாய், தோழி, பணிப்பெண், சூனியக்காரி, விடலைப் பையன் என்று போகும். கதையைத் தாங்கும் காதலி வேடம் பெரும்பாலும் தாரஸ்தாயியில் சஞ்சரிக்கும் சொப்ரானோவுக்கே. பிஸேயின் கார்மென் போன்ற விதிவிலக்குகள் குறைவு. கச்சேரி மேடையில் நிலைமை வேறு. பிராம்ஸின் ஆல்ட்டோ ராப்சடி, எல்கரின் ‘கடல் சித்திரங்கள்’, மாலரின் பாடல் தொகுதிகள் என்று கனமான படைப்புகள் பலவும் இந்த நடுக்குரலை நம்பியே நிற்கின்றன. ஏற்ற வேடங்களை மட்டும் எண்ணி ஒரு மெட்சோவை எடைபோடுவது அவளுக்குச் செய்யும் அநீதி.

ஜேனட் பேக்கரை எடுத்துக்கொள்வோம். 1933இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். லீட்ஸ் நகரில் வங்கி ஊழியராக இருந்தவர். 1956இல் கேத்லீன் ஃபெரியர் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றார். அதே ஆண்டு கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவில் கோரஸ் பாடகி. பர்செல்லின் டைடோ அவருக்கென்றே காத்திருந்த வேடம். 1961இல் அவர் பதிவுசெய்த டைடோவின் மரணப் புலம்பலில், கீழ்நோக்கி இறங்கும் ஒரே அடித்தொடர் மீண்டும் மீண்டும் வர, அதன்மேல் குரல் அவசரமில்லாமல் ஏறுகிறது. அழுகையை வெளியே காட்டாத அந்தப் பாட்டு கேட்பவரை உலுக்கிவிடுகிறது.

பெஞ்சமின் பிரிட்டன் அவருக்காக எழுதிய இரண்டு பாத்திரங்களை ஒப்பிட்டால் என் வாதம் விளங்கும். 1971இல் தொலைக்காட்சிக்காக உருவான ‘ஓவன் விங்ரேவ்’ ஓபராவில் பேக்கருக்குக் கிடைத்தது கேட் என்ற கல்நெஞ்சுக்காரியின் வேடம். 1976இல் ஆல்ட்பரோ விழாவில் அவர் பாடிய ‘ஃபேட்ரா’வோ ஏறத்தாழ கால் மணி நேரக் கச்சேரிப் படைப்பு. முறையற்ற காதல், குற்ற உணர்வு, நஞ்சருந்திச் சாகும் முடிவு எல்லாவற்றையும் ஒரே குரல் சுமக்கிறது. ஓபரா ஒதுக்கிய இடத்தைவிடப் பல மடங்கு பெரிய இடம் அது. அமெரிக்க இசையமைப்பாளர் டாமினிக் அர்ஜெண்டோ, வர்ஜீனியா வுல்ஃபின் நாட்குறிப்புகளைக் கொண்டு பேக்கருக்காக அமைத்த பாடல் தொகுதியும் 1975இல் புலிட்சர் பரிசு பெற்றது.

1982இல், ஐம்பது வயது நிறைவதற்குள், குரல் நன்றாக இருந்தபோதே பேக்கர் ஓபராவிலிருந்து விலகினார். கோவண்ட் கார்டனில் அல்செஸ்ட், இங்கிலிஷ் நேஷனல் ஓபராவில் மேரி ஸ்டுவர்ட், கிளைண்ட்போர்னில் ஆர்ஃபியோ என மூன்று இடங்களில் விடைபெற்றார். கச்சேரிகளை மட்டும் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தார். துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட.

கிறிஸ்டா லுட்விக் போன பாதை வேறு. 1928இல் பெர்லினில் பிறந்தவர். குரு, பாடகியான அவருடைய தாய். 1955இல் வியன்னா அரசு ஓபராவில் சேர்ந்து, 1994 வரை எழுநூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் பாடினார். ‘ஃபிடேலியோ’வின் லெயனோரா போன்ற சொப்ரானோ வேடங்களையும் துணிந்து ஏற்றார். ஆனால் வாக்னர் ஓபராவின் நாயகி இசோல்டேயை மேடையில் ஒருமுறைகூடப் பாடவில்லை. தோழி பிராங்கேனேயோடு நின்றுகொண்டார். குரல் நாற்பது ஆண்டுகள் தாண்டி நிலைத்ததில் அந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு.

ஆயினும் லுட்விக்கின் சிகரமாக நான் சொல்வது, கிளெம்பரர் நடத்த 1964இல் தொடங்கி 1966இல் முடிந்த மாலரின் ‘பூமியின் பாடல்’ பதிவுதான். அதன் கடைசிப் பாடலான ‘விடைபெறல்’ ஏறக்குறைய அரை மணி நேரம். நடுவே ஆர்கெஸ்ட்ரா தனியாக நீண்டதொரு சவ ஊர்வல இசையை வாசிக்கிறது. அதுவரை பாடகி சும்மா நிற்கவேண்டும். தொண்டை ஆறிவிடக்கூடாது, மனம் கலையக்கூடாது. பிறகு தாழ்ந்த ஸ்தாயியில், கதை சொல்வதுபோல, உணர்ச்சி காட்டாமல் தொடங்கவேண்டும் என்பது மாலரின் குறிப்பு. நடிப்பு, ஒப்பனை, திரை எதன் துணையும் கிடையாது. லுட்விக் அந்த இடத்தில் குரலைக் கொஞ்சமும் அலங்கரிக்காமல் நுழைகிறார்.

வயோலா வாத்தியக்காரியாக இருந்து பாடகியான அமெரிக்கர் லொரைன் ஹண்ட் லீபர்சனையும் இந்த வரிசையில் வைக்கவேண்டும். கணவர் பீட்டர் லீபர்சன் அவருக்காக அமைத்த ‘நெரூடா பாடல்கள்’ 2005இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அரங்கேறின. மறு ஆண்டே, 52 வயதில், அவர் மறைந்தார்.

இந்தக் குரலுக்குப் புதியவர்கள் முழுநீள ஓபராவில் தொடங்கவேண்டாம். பார்பிரோலி நடத்த, பேக்கர் 1965இல் பாடிய ‘கடல் சித்திரங்கள்’ பதிவை முதலில் கேளுங்கள். அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருப்பது, ஜாக்குலின் டு ப்ரே வாசித்த எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ.