தேக்கு போன வழியே ஒரு சுற்று

உளி பிடித்துப் பழகிய எவரும் ஆயுளில் ஒரு தடவையாவது போக வேண்டிய சுற்று இது: கோயம்புத்தூரில் கிளம்பி ஊட்டி ஏற வேண்டும், கூடலூருக்கு இறங்க வேண்டும், நாடுகாணிச் சுரம் வழியாக நிலம்பூர், அங்கிருந்து சாலியாறு போகிற திசையிலேயே பேப்பூர் கடற்கரை. திரும்பும்போது பாலக்காடு, பொள்ளாச்சி, டாப்சிலிப். போய்வந்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். "ஏங்க, வேற பேச்சே கிடையாதா?" என்று வீட்டிலும் கேட்டாகிவிட்டது. கிடையாது!

நான் தொழில்முறைத் தச்சன் இல்லை. மொட்டைமாடிக் கொட்டகையில் ஒரு மேசை, சில உளிகள், ஒரு கொட்டாப்புளி, தாத்தா வைத்திருந்த இழைப்புளி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் காதிலும் மூக்கிலும் மரத்தூள். என்னைப் போன்ற மரக்கிறுக்குகளுக்கு ஊர் சுற்ற யோசனை சொல்பவர்கள் காரைக்குடி போ என்பார்கள், இல்லையென்றால் பத்மநாபபுரம் அரண்மனை. இரண்டும் அற்புதம்தான். ஆனால் அங்கே மரம் வேலை முடிந்து தூணாகவும் நிலையாகவும் நிற்கிறது. நாம் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவோம். இந்தச் சுற்றில் கிடைப்பது மரத்தின் முழு வாழ்க்கை. விதை, தோட்டம், ஆறு, கிடங்கு, கப்பல் என்று தேக்கு எந்த வழியாகக் கடலுக்குப் போனதோ, கிட்டத்தட்ட அதே வழியில் நம் காரும் போகிறது. அதனால்தான் இப்படிக் குதிக்கிறேன்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையில் உள்ள கேஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1902-இல் தொடங்கியது. கோயம்புத்தூர்க்காரர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. பாடம் செய்து வைத்த காட்டெருமையைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருப்போம். இப்போது போய் மரத்துண்டுகள் இருக்கும் பகுதியில் நில்லுங்கள். வேங்கை, ஈட்டி, மருது, தேக்கு என்று ஒவ்வொன்றின் ரேகையும் பக்கத்தில் பக்கத்தில். கடையில் நமக்கு என்னென்ன பெயரில் என்னென்ன மரத்தைத் தலையில் கட்டினார்கள் என்பது அங்கே நின்றால் புரிந்துவிடும்.

ஊட்டியில் நிற்காதீர்கள். இது என் கண்டிப்பான கருத்து. டீ குடியுங்கள், கிளம்புங்கள். அழகெல்லாம் கூடலூர் சாலையில்தான் இருக்கிறது. பைக்காரா தாண்டி, நடுவட்டம் வந்து, ஊசிமலையில் வண்டியை ஓரம்கட்டினால் முதுமலைக் காடு கீழே விரிந்து கிடக்கும். மேலே குளிரில் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தைல மரமும் பைனும். தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நட்ட சில்வர் ஓக். இறங்க இறங்கக் காற்று வெதுவெதுப்பாகும், மூங்கில் தலைகாட்டும், அப்புறம் அகலமான, சொரசொரப்பான இலையோடு முதல் தேக்கு. உயரம் மாறினால் மரம் எப்படி மாறுகிறது என்பதை அந்த 50 கிலோமீட்டரும் ஜன்னல் வழியாகவே பாடம் நடத்திவிடும். நாடுகாணியில் மாநில எல்லை தாண்டி வழிக்கடவுக்கு இறங்கும் வளைவுகளில் மட்டும் நான் யாரோடும் பேசவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தவர் சாலையைப் பார்த்தார், நான் மரத்தைப் பார்த்தேன்.

நிலம்பூர்! இங்கேதான் நான் முழுதாகக் கவிழ்ந்தேன்.

1840-களில் மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்தது. எச்.வி.கானலி அதன் கலெக்டர். கப்பல் கட்ட வெட்டி வெட்டிக் காட்டுத் தேக்கு குறைந்துகொண்டே வந்தது, நட்டுத்தான் வளர்க்க வேண்டும் என்ற நிலை. ஆனால் தேக்கு விதையின் ஓடு லேசில் உடையாது. சும்மா மண்ணில் போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும், நனைத்துக் காயவைத்து நனைத்துக் காயவைத்துத்தான் முளைக்க வைக்க வேண்டும். பல முயற்சிகள் வீணான பிறகு இதைச் சாதித்துக் காட்டியவர் சாத்து மேனன் என்கிற வன அதிகாரி. உலகத்திலேயே மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று சொல்லப்படும் அந்த இடத்துக்குப் பெயர் மட்டும் கானலி தோட்டம். வேலை பார்த்தவர் ஒருவர், பெயர்ப்பலகை இன்னொருவருக்கு, அதுவும் வழக்கம்தானே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெட்டியது போக மிஞ்சியிருப்பது 2.31 ஹெக்டேர்.

சாலியாற்றுக்கு அக்கரையில் இருக்கிறது தோட்டம். வெள்ளம் வந்துபோகும் ஆறு என்பதால் எப்படிக் கடப்பது என்பதை இக்கரையில் உள்ள அருவாக்கோட்டில் விசாரித்துக்கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது அந்த நேர்மை. அடிமரம் தூணாக எழும்பி, கிளையே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. நான் பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு மரத்தைச் சுற்றினேன். மரக்கடைக் கணக்கு கையோடு ஊறியதல்லவா: சுற்றளவில் நாலில் ஒன்று, அதை அதாலேயே பெருக்கு, நீளத்தால் பெருக்கு, கன அடி. மனசுக்குள் கணக்குப் போட்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. நூற்றெண்பது வருடத்து மரத்தைப் போய் கன அடியில் அளக்கிறேன். காவலர் சிரித்தார். "சேட்டா, இங்கே வர்ற ஆசாரிமார் எல்லாரும் இதுதான் செய்வாங்க" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு, கீழே முளைத்திருந்த கன்றிலிருந்து ஒரு கொழுந்து இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். பச்சை இலை, கையெல்லாம் ரத்தச் சிவப்பு! இத்தனை வருடம் தேக்கை இழைத்தும் அறுத்தும் இருக்கிறேன், இது தெரியாது. சாயங்காலம் வரை அந்தக் கையைக் கழுவவில்லை.

ஊட்டி சாலையிலேயே, டவுனுக்குச் சில கிலோமீட்டர் முன்னால், கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் தேக்கு அருங்காட்சியகம். ஒரே ஒரு மரத்துக்காக ஒரு மியூசியம்! ஒரு முழுத் தேக்கின் வேர்த்தொகுதியைத் தோண்டி எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பூமிக்குள்ளே இவ்வளவு வேலை நடக்கிறதா என்று வாயைப் பிளப்பீர்கள். இலையை நரம்பு மட்டும் மிஞ்சத் தின்றுவிடும் புழுவைப் பற்றியும் அங்கே தெரிந்துகொள்ளலாம். எனக்குப் பிடித்தது குறுக்குவெட்டுகள்தான். வளையம் நெருக்கமாக இருந்தால் மெதுவாக வளர்ந்த மரம், அகலமாக இருந்தால் வேகமாக வளர்ந்தது. வெளி ஓரத்து வெள்ளை எவ்வளவு, உள்ளே வைரம் எவ்வளவு என்று அடுத்த தடவை மரக்கடையில் முனையைப் பார்த்ததும் சொல்லிவிடலாம்.

வனத்துறை மரக்கிடங்கையும் அனுமதி கேட்டுப் பாருங்கள். நீளம், சுற்றளவு பார்த்துத் தரம் பிரித்து எண் போட்டு அடுக்கிய தடிகள். புதிதாக அறுத்த முகத்தில் மூக்கை வைத்தால் எண்ணெயும் பழைய தோல் பையும் கலந்த மாதிரி ஒரு வாடை. அந்த எண்ணெய்தான் தேக்கைக் கறையானிடமிருந்தும் தண்ணீரிடமிருந்தும் காப்பாற்றுகிறது. கூடவே இருக்கும் சிலிக்கா நம் உளியின் வாயை மழுக்கி உயிரை எடுக்கிறது. அழகுக்குக் கொடுக்கிற விலை!

நேரம் இருந்தால் காரை ஒருவரிடம் விட்டுவிட்டு நிலம்பூர் - சொரனூர் ரயிலில் கொஞ்ச தூரம் போய்வாருங்கள். 1927-இல் வந்த பாதை, மரம் ஏற்றுவதற்கென்றே போட்டது. இரண்டு பக்கமும் தேக்கு, சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். வேறென்ன வேண்டும்?

ரயில் வருமுன் நிலம்பூர் மரம் சாலியாற்றில் மிதந்துதான் கோழிக்கோட்டுப் பக்கம் போனது. நாமும் போவோம். கல்லாயியில் ஒரு காலத்தில் ஆற்றையே மறைக்கும் அளவுக்குத் தடிகள் மிதந்திருக்கின்றன. இப்போது அந்தப் பரபரப்பு இல்லை, சில அறுப்பு மில்களின் சத்தம்தான். கல்லாயி ஆற்றுக்கு 1848-இல் கால்வாய் வெட்டியவரும் அதே கானலிதான். நடவைத்தவரே வழியும் வெட்டவைத்திருக்கிறார், சரி, பெயர்ப்பலகையை மன்னித்துவிடலாம்.

பக்கத்திலேயே குற்றிச்சிறாவில் மிஷ்கால் பள்ளிவாசல். 14-ஆம் நூற்றாண்டில் நகுதா மிஷ்கால் என்ற கப்பல் வணிகர் கட்டியது. அடுக்கடுக்கான ஓட்டுக்கூரையும் மரத்தூண்களுமாகத் தூரத்திலிருந்து பார்த்தால் கேரளக் கோயில் என்றே நினைப்போம். 1510-இல் போர்ச்சுகீசியர் தீ வைத்தார்கள், அதிலும் தப்பி நிற்கிறது. தொழுகை நேரம் பார்த்து, அனுமதி கேட்டு நடந்துகொள்ளுங்கள். பக்கத்திலுள்ள குளத்தின் கரையிலிருந்து பார்த்தாலே போதும், கூரை மரவேலை கண்ணில் நிற்கும்.

கடைசியாகப் பேப்பூர். இதற்காகத்தான் இவ்வளவு தூரமும். சாலியாறு கடலில் சேருமிடத்தில் 'உரு' என்கிற மரக்கப்பல்களைக் கையாலேயே கட்டுகிறார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. மூத்த மேஸ்திரியின் தலைக்குள் இருக்கிறது மொத்தக் கப்பலும். நான் போனபோது பாதி முடிந்த ஒன்று ஓலைக் கொட்டகைக்குள் நின்றது. கீழே நின்று பார்த்தால் விலா எலும்புகள் வரிசையாக மேலே போகின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் இயற்கையாகவே அப்படி வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நேர்ப்பலகையை வளைவாக அறுத்தால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு அந்த இடத்தில் பிளக்கும். இங்கே ரேகை வளைவோடு வளைவாக ஓடுகிறது. ஒரு நாற்காலிக் கைக்கு நான் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்த சங்கதி, இவர்களுக்குக் கப்பல் முழுக்கச் சாதாரணம்!

பக்கவாட்டில் ஒரு பெரியவர் குந்தி உட்கார்ந்து பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை மொண்ணை உளியால் திணித்துக்கொண்டிருந்தார். டொக், டொக், டொக். சத்தம் கொஞ்சம் மாறியதும் நிறுத்தி அடுத்த விரற்கடைக்கு நகர்கிறார். "எப்படி இக்கா தெரியும், போதும்னு?" என்று கேட்டேன். காதைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான் பதில்.

கட்டிய கப்பலைத் தண்ணீரில் இறக்குபவர்கள் கலாசிகள். கப்பி, வடம், உருளை மரம், ஒரே தாளத்தில் பாட்டு. 1988-இல் பெருமண் ரயில் விபத்தில் அஷ்டமுடிக் காயலில் விழுந்த பெட்டிகளை இழுத்துக் கரைசேர்க்கவும் இவர்களைத்தான் கூப்பிட்டார்கள் என்றால் திறமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேப்பூரில் இன்னொரு மரமும் உண்டு. எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்த மங்குஸ்தான். வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

திரும்பும் வழியில் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் பெருவெம்பு. மிருதங்கமும் செண்டையும் செய்கிற ஊர். பலாக்கட்டையைக் குடைந்து, காயவைத்து, தோல் கட்டுகிறார்கள். புதுப் பலா மஞ்சள், நாளாக ஆகச் செம்பழுப்பு. தேக்கையே பார்த்துவந்த கண்ணுக்கு அந்த மஞ்சள் ஒரு விருந்து.

டாப்சிலிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யானையும் மானும் பார்க்கப் போகிற கூட்டத்துக்கு அது தெரிந்த இடம். ஆனைமலைத் தேக்கை மேலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதால் வந்த பெயர். வெட்டிச் சூறையாடிய காட்டில் மறுபடி தேக்கை வளர்த்த ஹியூகோ வுட் 1933-இல் இறந்தார். அவர் சமாதி அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. அங்கிருந்து பரம்பிக்குளம் போனால் கன்னிமரத் தேக்கு. 450 வயதுக்கு மேல், மத்திய அரசின் மகாவிருட்ச புரஸ்கார் வாங்கிய மரம். கட்டிப்பிடிக்க ஐந்து பேராவது வேண்டும். டேப்பை நான் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

கிளம்புகிறவர்களுக்கு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம், மழையில் சுரப்பாதையை நம்ப முடியாது. ஜனவரிக்குப் பிறகு தேக்கு இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை சரியான காலம். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வந்திருக்கிறது, பதிவு செய்துவிட்டு ஏறுங்கள். பேப்பூரில் எந்தக் கொட்டகையில் வேலை நடக்கிறது என்று முன்பே விசாரியுங்கள், ஆர்டர் இல்லாத மாதங்களில் வெறும் கொட்டகையைத்தான் பார்ப்பீர்கள். வழியில் மரம் வாங்கினால் பில்லும், தேவைப்பட்டால் வனத்துறை அனுமதிச் சீட்டும் கையில் இருக்கட்டும். சோதனைச் சாவடியில் கேட்பார்கள்.