பீச்சும் போர்பனும்

வீட்டில் விஸ்கி காக்டெயில் கலக்குவதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், குடிப்பதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. நன்கு கனிந்த பீச் பழத்தைத் துண்டுகளாக்கி ஷேக்கரின் அடியில் போட்டு, மரக்கட்டையால் நசுக்கும் நேரம் அது. சதை வழுக்கி விலகும். தோல் மட்டும் சற்று முரண்டு பிடிக்கும். இடிக்கக் கூடாது, அழுத்தித் திருப்ப வேண்டும். புதினா சேர்ப்பதென்றால் இன்னும் மென்மை தேவை: இலை கசங்கினால் மணம், கிழிந்தால் கசப்பு.

60 மில்லி போர்பன் விஸ்கி, 20 மில்லி எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சர்க்கரைப் பாகு. உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில் கிடந்த விஸ்கியில் வெனிலாவும் காய்ச்சிய சர்க்கரையும் கலந்த வாசம் உண்டு. பீச்சோடு அது அத்தனை இயல்பாகச் சேர்கிறது. பிறகு ஐஸ் நிரப்பிக் குலுக்க வேண்டும். முதலில் கட்டிகள் உலோகத்தில் கடகடவென்று மோதும். 12 விநாடி போவதற்குள் முனைகள் மழுங்கி, சத்தம் சலசலவென்று இளகும். ஷேக்கரின் வெளிப்புறத்தில் வெண்பனி படர்ந்து விரலில் ஒட்டும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மீறினால் பானம் நீர்த்துப்போகும். சிறு சல்லடையில் இன்னொரு முறை வடிப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். நார் நாக்கில் தட்டாமல் பட்டுப்போல் இறங்குவது அதனால்தான். கடைசியில் எலுமிச்சைத் தோலைக் கோப்பைக்கு மேலே முறுக்கினால் எண்ணெய் நுண்துளிகளாகத் தெறித்து, முதல் மிடறோடு மணமும் வருகிறது. ஆரஞ்சுத் தோலும் நன்றாகவே இருக்கும்.