எதிர்ப்பக்கத்தை எழுதக் கற்றல்

புதுச்சேரியில் 1826இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு லிசேயில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளி இறுதியில் பக்கலோரெயா தேர்வு எழுதுகிறார்கள். தத்துவத் தாளுக்கு நான்கு மணி நேரம். அதில் பெயர்பெற்றது 'திஸெர்த்தாசியோன்' என்னும் வாதக் கட்டுரை. கேள்விக்குள் இருக்கும் சிக்கலை முன்னுரையிலேயே எடுத்துக்காட்ட வேண்டும். பிறகு ஒரு நிலைப்பாடு, அதற்கு எதிர்நிலை, இரண்டையும் தாண்டிய ஒரு தெளிவு என மூன்று பகுதியாக எழுதுவதே பழகிய வழக்கம்.

தனக்கு ஒவ்வாத கருத்தையும் அதன் முழு வலுவோடு எழுதச் சொல்லும் பயிற்சி இது. நம் பள்ளிகளில் இதற்கு ஈடானது அரிது. 'நூலகத்தின் பயன்', 'மரம் வளர்ப்போம்' என்று மறுப்புக்கே இடமில்லாத தலைப்பைக் கொடுத்து, குறிப்புச் சட்டகத்தை நிரப்பச் சொல்கிறோம். பதினேழு வயதில் எதிராளியின் நியாயத்தைத் தேடி எழுதப் பழகியவர் பிற்காலத்தில் எந்தச் சபையிலும் நிதானமாகப் பேசுவார். இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

குறை எங்கே வருகிறது? ஒரு நாட்டின் தேர்வு வடிவத்தைப் பகுத்தறிவின் ஒரே வடிவமாகக் கற்பிக்கும்போது வருகிறது. 1966இல் ராபர்ட் காப்லன் என்ற அமெரிக்க மொழியியலாளர், வெளிநாட்டு மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துப் பண்பாட்டுக்கொரு கோடு வரைந்தார். ஆங்கிலத்துக்கு நேர்கோடு, கீழை மொழிகளுக்குச் சுருள், பிரெஞ்சு உள்ளிட்ட மொழிகளுக்கு அங்கங்கே திசைமாறும் கோடு. தெளிவின் இலக்கணம் என்று பிரெஞ்சுக்காரர் போற்றுவதை அவர் கிளைக்கதையாகப் பார்த்திருக்கிறார்! அந்தப் படம் பின்னாளில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அவரும் தம் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். ஆனாலும் 'சுற்றி வளைக்கிறாய்' என்ற தீர்ப்பு, சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு அதுவே சான்று.

தமிழ் இயல்பாகவே சுற்றி வளைக்கும் மொழியும் அல்ல. பவணந்தியின் இலக்கண நூலான நன்னூல் 'மற்றொன்று விரித்தல்' என்பதைக் குற்றமாகவே வைக்கிறது. அது சொல்லும் எழுவகை மதங்களில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளில், உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், இருவர் முரண்படும்போது ஒன்றைத் துணிதல் எல்லாம் உண்டு. பொருளுக்கேற்ற வழியை எழுதுபவரே தேர்ந்துகொள்ள அது இடம் தருகிறது. மூன்று பகுதிச் சட்டகத்தில் அந்தச் சுதந்திரம் குறைவு. பாரதிதாசன் ஆசிரியராகப் பணியாற்றிய புதுச்சேரியில், நன்னூலையும் இந்தச் சட்டகத்தையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்துவது எளிது.

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. விடைத்தாளைப் படிப்பவர் முகமறியாத திருத்துநர் ஒருவர் மட்டுமே. இதற்கு மாறாக, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அன்றாடம் எதிரே ஆட்கள் இருந்தார்கள்: அந்த ஆளுநர், நவாபின் ஆட்கள், ஊர் வணிகர். யாரிடம் எதை எப்படிச் சொல்வது என்பதே அவர் தொழில்.

ஆகவே ஒரே பொருளை மாணவர்கள் இருமுறை எழுதட்டும். துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தபின் புதுச்சேரி நகரக் கடற்கரையில் மணல் அரித்துப்போனதை எடுத்துக்கொள்ளலாம். முதலில் பாரிசில் இருக்கும் வாசகருக்குப் பிரெஞ்சில்: கரையோர நீரோட்டம் மணலை வடக்கே கொண்டுபோவது, சுவர் அதை மறிப்பது, கரையில் வலை உலர்த்த இடம் இல்லாமற்போவது என எல்லாவற்றையும் விளக்க வேண்டும். பிறகு வைத்திக்குப்பத்து மீனவர்களுக்குத் தமிழில்: இவை அவர்கள் அறிந்தவை; ஆகவே அரசிடம் எதைக் கேட்பது, ஏன் அது முடியும் என்பதை மட்டும் எழுத வேண்டும். திருத்தும் ஆசிரியர் இரண்டு தாளையும் சேர்த்து வைத்து மதிப்பெண் போட வேண்டும்.