மதுரா விஜயம்: சமயப்போர் எனும் வாசிப்பைக் குறித்துச் சில கருத்துகள்

பதினான்காம் நூற்றாண்டில் மதுரைச் சுல்தான்களுக்கும் அவர்களை எதிர்த்த போசள, விசயநகர அரசர்களுக்கும் இடையே நிகழ்ந்த போர்களைச் ‘சமயப்போர்’ எனும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கிற்குப் பெருந்துணை புரிவது கங்காதேவி வடமொழியில் இயற்றிய மதுரா விஜயம் என்னும் காப்பியமாகும். இவர் விசயநகரப் புக்கரின் மைந்தன் குமார கம்பணனின் தேவி. சிதைந்த ஏட்டிலிருந்து 1916இல் திருவனந்தபுரத்தில் அச்சேறிய இந்நூலை, 1957இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டது. ஆயினும், இதனை மேற்கோள் காட்டுவோரில் முழுமையாகப் படித்தோர் சிலரே என்று கருத இடமுண்டு. திருவரங்கம், தில்லை, மதுரை ஆகியவற்றின் அழிவை ஒரு பெண் கம்பணன்முன் தோன்றி எடுத்துரைக்கும் பகுதி மட்டுமே திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது.

அப்பகுதிக்கு முன்னர் நிகழ்வது யாது? கம்பணன் முதலில் படையெடுத்தது மதுரைமீதன்று. தொண்டை மண்டலத்துச் சம்புவராயர்மீது. சம்புவராயர் சைவ, வைணவக் கோயில்களுக்குக் கொடையளித்த தமிழ் மன்னர். அவரது கோட்டை வீழ்ந்ததையும் அவர் மாண்டதையும் கங்காதேவி அதே பெருமிதத்தோடுதான் பாடுகிறார். சமயப் பகையே இக்காப்பியத்தின் அச்சாணி எனின், இப்போருக்கு அங்கு இடமிருத்தல் அரிது. (சிலுவைப்போர் எனப் பெயர்பெற்ற படையெடுப்பொன்று 1204இல் கிறித்தவத் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளையே சூறையாடியது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.)

அப்பெண் கம்பணனிடம் அளிக்கும் வாளும் நுணுகி நோக்கற்குரியது. விசுவகர்மாவால் சமைக்கப்பெற்றுச் சிவபெருமானால் பாண்டியனுக்கு அளிக்கப்பட்ட வாள் அது; பாண்டியர் வலியிழந்தமை கண்டு அகத்தியர் கம்பணனுக்கு அனுப்புகிறார். பாண்டியர் மரபினர் தென்கோடியில் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. துங்கபத்திரைக் கரையிலிருந்து வந்த கன்னட இளவரசனுக்கு மதுரையை ஆளும் உரிமை எங்கிருந்து வந்தது என்ற வினாவிற்கு விடையாகவே கவிஞர் அவ்வாளைப் படைத்துள்ளார் என்பது என் துணிபு. அழிந்த கோயில்களின் வருணனை போரின் நியாயத்தைச் சொல்கிறது; வாளோ ஆட்சியின் நியாயத்தைச் சொல்கிறது. நம் திறனாய்வாளர் முன்னதை மட்டுமே கண்டனர்.

காப்பியத்தோடு வைத்துப் படிக்கவேண்டிய நூல் இபின் பதூதாவின் பயணக் குறிப்பு. 1340களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கியிருந்த இவர், சுல்தான் கியாசுதீனின் மைத்துனர் முறையினர். முற்றுகையை விரிவாகச் சொல்பவரும் இவரே. சமயபுரத்தை அடுத்த கண்ணனூர் முன்னர்ப் போசளரின் தென்தலைநகராக விளங்கியது. சுல்தானின் படை காத்துநின்ற அவ்வூரை முதுபெரும் மன்னர் மூன்றாம் வல்லாளர் மாதக்கணக்கில் வளைத்திருந்தார். உள்ளே உணவு அருகியது. வல்லாளர் போர்நிறுத்தத்திற்கு இணங்கி அயர்ந்திருந்த வேளையில் மதுரைப் படை பாய்ந்து அவரைச் சிறைப்பிடித்தது. பொருளைப் பறித்துக்கொண்டபின் அவரைக் கொன்று, தோலுரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டதையும், அதனைத் தாம் நேரில் கண்டதையும் பதூதா பதிவு செய்கிறார்.

இக்கொடுமை நம் நூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் அதே குறிப்பில், வல்லாளரின் படையில் ஏறத்தாழ 20,000 முசுலிம்கள் இருந்தனர் என்று பதூதா கூறுவது பெரும்பாலும் விடுபடுகிறது. சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் கியாசுதீன் கொல்வித்ததைக் கண்டு, வேறெந்த மன்னனும் செய்தறியாத இழிசெயல் என அவர் கடிந்துரைப்பதும் அவ்வாறே விடுபடுகிறது. சுல்தானின் உறவினரும் இசுலாமியச் சட்டம் கற்றவருமான ஒருவரின் கண்டனம் அது.

இதற்கு மறுதலையாக, சமயத்திற்கு இதில் பங்கே இல்லை எனும் வாதமும் ஏற்புடையதன்று. திருவரங்கத்து அடியார் உலாப் படிமத்தை ஊர் ஊராகச் சுமந்து திரிந்த துயரைக் கோயிலொழுகு சொல்கிறது. 1371இல் செஞ்சியின் கோபணாரியர் அதனை மீள எழுந்தருளச் செய்ததற்குக் கல்வெட்டே சான்று. அத்துயரை வெறும் அரசியல் எனத் தள்ளுபவர் சான்றுகளுக்கு நேர்மையாளராகார்.

கூலிம் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது ஏட்டுச் சிக்கலன்று. கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒருங்கே கேட்கும் ஊரில் வளரும் மாணவர், வல்லாளரின் தோலை மட்டும் அறிந்து அவரது படையை அறியாது போவாராயின், அவர் கற்றது வரலாற்றின் ஒரு பாதியே.

காப்பியத்தின் இறுதிப் பகுதியில் கம்பணன் சுல்தானைத் தனிப்போரில் வீழ்த்துகிறான். அத்துடன் எல்லாம் முடிந்ததாகத் தோன்றும். நாணயங்களோ வேறு கதை சொல்கின்றன. கம்பணன் 1374இல் மறைந்தான். மதுரைச் சுல்தானின் பெயர் பொறித்த காசுகள் 1377-78 வரை கிடைக்கின்றன.