வன்னியன்: குலப்பெயரா, பதவிப்பெயரா?

ஒரு பெயரின் தோற்றத்தை ஆராய்வோர் சொல்லின் வேரைத் தேடுவர். அன்றேல் மூதாதையரைத் தேடுவர். ஈழத்து வன்னியர் பற்றிய எழுத்துக்களில் இவ்விரு தேட்டங்களுமே மேலோங்கி நிற்கின்றன. அப்பெயரைத் தாங்கியோர் ஆற்றிய தொழில் யாது என்னும் வினாவோ பின்தள்ளப்பட்டு விடுகின்றது.

வனத்தை ஆண்டமையால் வன்னியர் என்பர் ஒரு சாரார். வன்னி நெருப்பைக் குறித்தலின் தீயிற் பிறந்த மரபினர் என்பர் மற்றொரு சாரார். ஒலியொப்புமை ஒன்றே வரலாற்றுச் சான்றாகாது. வையாபாடல் வன்னியரை மதுரை இளவரசியோடு வந்தோராகக் காட்டுகின்றது. கோணேசர் கல்வெட்டு குளக்கோட்டனோடு தொடர்புபடுத்துகின்றது. ஆட்சியுரிமைக்கு உயர்குடிப் பிறப்பைத் துணையழைத்த காலத்தின் மனநிலையை இந்நூல்கள் நன்கு புலப்படுத்துகின்றன. அவற்றை அப்படியே பிறப்புச் சான்றிதழாகக் கொள்ளுதல் பொருந்தாது.

பெயர் வழங்கிய பரப்பை நோக்கின் வேறோர் உண்மை தோன்றும். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுக்களின் தலைவர் வன்னியர் எனப்பட்டனர். ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாக அளித்தோர் இவர்களே. ஆட்சி செலுத்திய பெண்டிர் வன்னிச்சியர் எனப்பட்டனர். நுவரகலாவியச் சிங்களத் தலைவரும் வன்னியா என்னும் பட்டம் பூண்டனர். மட்டக்களப்பில் ஆங்கிலேயராட்சியின்போதும் பிரிவுத் தலைமைக்காரருக்கு வன்னிமை என்பது பதவிப்பெயராயிருந்தது. மொழியும் குலமும் வேறுபட்டோர் ஒரே பெயரைத் தாங்கினரெனின், ஈழத்தில் அது குருதியினும் பதவியையே சார்ந்து நின்றது எனல் தகும். குலமரபாகப் பின்னர் நிலைத்தமை, பதவி தந்தை வழியே கைமாறியதன் விளைவாகலாம். 1970இல் வெளிவந்த சி. பத்மநாதனின் 'வன்னியர்' என்னும் நூல், இக்குறுநிலத் தலைமைகளைத் தனி ஆய்வுப் பொருளாக்கிய வகையிற் பாராட்டுக்குரியது.

1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கிடம் தோல்வியுற்ற பண்டார வன்னியனை எண்ணுக. பண்டாரம், வன்னியன் ஆகிய இரண்டுமே சிறப்புப் பெயர்கள். மக்கள் நினைவில் நிலைத்தது அவன் குலமன்று. அவன் ஏற்ற தலைமையே.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. பெயரை ஒரு குலத்தின் தனியுடைமையாக்கின், காடு வெட்டி, குளங்கட்டி, நெல் விளைத்த பல்வேறு மக்களும் வன்னியின் வரலாற்றினின்று அகற்றப்படுவர். மரபைப் போற்ற விழைவோர் 'யார் வழி வந்தோர்?' என்று மட்டும் வினவுதல் போதாது. 'யாரெல்லாம் சேர்ந்து இந்நிலத்தை ஆக்கினர்?' என்றும் வினவுதல் வேண்டும்.