பால் பிடித்த கதிரைச் சுட்டுத் தின்றிருக்கிறீர்களா?

மக்காச்சோளம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தியேட்டர் பாப்கார்ன் வரும். மெரினாவில் கரி அடுப்பில் வாட்டி, எலுமிச்சம்பழத்தை மிளகாய்ப்பொடி உப்பில் தொட்டுத் தேய்த்துத் தருவார்களே, அது வரும். கொடைக்கானல் குளிரில் ஆவி பறக்க வேகவைத்துத் தருகிற கதிர் வரும். நான் எதையும் விட்டுவைத்தவன் இல்லை, எல்லாமே எனக்கு உயிர். ஆனாலும் சொல்கிறேன், கார்த்திகை மாதத்தில் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கரிசல் காட்டுக்குள் நின்று, ஒடித்த கையோடு கதிரைச் சுட்டுத் தின்னாதவர்கள் மக்காச்சோளத்தை இன்னும் தின்னவே ஆரம்பிக்கவில்லை!

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். புரட்டாசி மழையை நம்பி விதைத்த காடு, தலைக்கு மேலே இரண்டடி வளர்ந்து நிற்கிறது. உள்ளே நுழைந்தால் வெளியே ரோடு இருப்பதே தெரியாது. தோகைகள் ஒன்றோடொன்று உரசி சரசரவென்று ஓயாத சத்தம், முழங்கையில் சுருக் சுருக்கென்று கீறல், மூக்கில் ஈரமண்ணும் பச்சைத் தட்டையும் கலந்த ஒரு வாசனை. காட்டுக்காரம்மா முன்னால் போகிறார். ஒரு கதிரின் மட்டையை நுனியில் மட்டும் பிளந்து, ஒரு மணியை நகத்தால் கீறுகிறார். வெள்ளையாகப் பால் துளிர்க்கிறது. "பால் புடிச்சிருச்சு தம்பி, ஒடிங்க" என்றார். "எத்தனை ஒடிக்கட்டும் அக்கா?" என்று கேட்டேன். "தின்னுற அளவுக்கு ஒடிங்க, யாரு எண்ணப் போறா!" மடக்கென்று ஒடிகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே இன்னும் நாலு ஒடிக்கலாம் போலிருந்தது. ஒடித்தேன்.

மட்டையை உரித்தால் உள்ளே முடி. பச்சையும் பொன்னுமாக, ஈரமாக, விரலில் ஒட்டுகிற மெல்லிய முடி. அதைப் பிய்த்து எறிகிறோமே, அது என்ன தெரியுமா? ஒவ்வொரு முடியும் ஒரு மணிக்குச் சொந்தம்! உச்சியில் விரிந்து நிற்கிறது ஆண் பூ, இடுப்பில் கதிர். காற்றில் உதிர்கிற மகரந்தத்தில் ஒரே ஒரு தூள் ஒரு முடியின் நுனியில் வந்து ஒட்ட வேண்டும்; அங்கிருந்து அந்த முடிக்குள்ளேயே ஒரு குழாய் முளைத்து, கதிருக்குள் இறங்கி, சூலைத் தொட்டால்தான் அந்த ஒரு மணி உருவாகும். ஒரு நல்ல கதிரில் 500, 600 மணி இருக்கிறதென்றால் அத்தனை முடியிலும் அத்தனை தடவை இது நடந்திருக்கிறது! சில கதிர்களில் அங்கங்கே பொக்கைப்பல் மாதிரி இடைவெளி பார்த்திருப்பீர்கள், அந்த முடிக்குத் தூள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, வரிசைகளை எண்ணிப் பாருங்கள்: 14 இருக்கும், 16 இருக்கும், ஏறக்குறைய எப்போதும் இரட்டைப்படைதான். பூக்கள் ஜோடி ஜோடியாகப் பிறப்பதால் அப்படி. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எந்தக் கதிர் கைக்கு வந்தாலும் எண்ணிப் பார்க்காமல் நான் கடித்ததில்லை; கூட வந்தவர்கள் காத்திருக்கட்டும்.

இப்போது தீ. வரப்போரம் காய்ந்த சுள்ளிகளைக் கூட்டிப் பற்றவைத்து, கொழுந்து அடங்கிக் கங்கானதும் கதிரை மேலே போட்டு உருட்ட வேண்டும். பட் பட்டென்று மணிகள் வெடிக்க ஆரம்பிக்கும், மஞ்சளில் கறுப்புப் புள்ளி விழும், அந்த வாசனை எழும்பும் பாருங்கள், பசி இல்லாதவனுக்கும் பசிக்கும், எனக்கோ கை நிற்கவில்லை, வெந்ததா வெந்ததா என்று நூறு தடவை கேட்டுவிட்டு, ஆறுவதற்குள் எடுத்து, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி ஊதிக்கொண்டே ஒரு கடி கடித்தேன், உப்பு இல்லை, எலுமிச்சை இல்லை, மிளகாய் இல்லை, வெளியே புகையும் கருகலும், பல் இறங்கியதும் தோல் வெடித்து உள்ளேயிருந்து சூடான இனிப்புப் பால், நாக்கெல்லாம் பால், தாடையில் வழிகிற பால், ஐயோ, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன், வெட்கமே படவில்லை! அந்த இனிப்புக்கு ஆயுசு குறைவு. ஒடித்த நிமிடத்திலிருந்தே மணியில் இருக்கும் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடுகிறது, வெயிலில் இன்னும் வேகமாக. லாரி ஏறி ஊர் வந்து சேரும் கதிரில் பாதி ருசி வழியிலேயே போய்விடுகிறது. பல்லிடுக்கில் தோல் மாட்டிக்கொள்ளும் என்பார்கள். மாட்டட்டுமே!

இத்தனைக்கும் இது இந்த மண்ணில் பிறந்த பயிர் இல்லை. தெற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தியோசின்டே என்று ஒரு காட்டுப்புல். அதன் கதிரில் பத்துப் பன்னிரண்டு மணி இருந்தால் அதிகம், ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள். சுமார் 9,000 வருடங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் அதில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி விதைத்து, பொறுக்கி விதைத்து, தலைமுறை தலைமுறையாக இந்தக் கதிரை உண்டாக்கினார்கள். யாரென்று ஒரு பெயர்கூட நமக்குத் தெரியாது, அவர்கள் திசைக்கு ஒரு கும்பிடு போடலாம். மட்டைக்குள் இறுகிக் கிடக்கும் மணி தானாக உதிர்ந்து பரவாது; மனுஷக் கை பட்டு விதைத்தால்தான் இந்தப் பயிருக்கு அடுத்த தலைமுறை. அந்தப் பக்கத்து ஜனங்களே பின்னாளில் சுண்ணாம்புத் தண்ணீரில் மணியை வேகவைத்து அரைக்கவும் கண்டுபிடித்தார்கள். மணிக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்து அப்போதுதான் உடம்பில் சேரும். அந்தப் பக்குவம் தெரியாமல் மக்காச்சோளத்தை மட்டும் வாங்கிப் போய் அதையே மூன்று வேளையும் தின்ற ஐரோப்பிய ஏழைகளைப் பெல்லக்ரா நோய் வாட்டி எடுத்தது. அமெரிக்காவில் பார்பரா மெக்ளின்டாக் என்ற அம்மையார் இதே மணிகளின் நிறப் புள்ளிகளை வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, மரபணுக்கள் இடம் விட்டு இடம் தாவும் என்று கண்டுபிடித்தார், 1983இல் நோபல் பரிசும் வாங்கினார். ஒரு மக்காச்சோளக் கதிரை அத்தனை நாள் அலுக்காமல் பார்த்த அவரை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது!

நம் ஊரில் விளைவதில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு காட்டுக்காரர்களைப் படாதபாடு படுத்தியிருக்கிறது. அதையும் சமாளித்துத்தான் அந்த அக்கா விதைத்திருந்தார், வழிப்போக்கனான எனக்கும் அள்ளிக் கொடுத்தார்.

கார்த்திகையில் திருச்சி ரோட்டில் போகிறீர்களா? பெரம்பலூர் தாண்டுவதற்குள் வண்டியை நிறுத்துங்கள். மட்டை உரிக்காத கதிராகக் கேட்டு வாங்குங்கள். மட்டை பச்சையாக இருக்க வேண்டும், நுனி முடி காய்ந்திருக்க வேண்டும், நகத்தால் கீறினால் பால் வர வேண்டும். கேட்கிற விலையைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். வீடு போய்ச் சேரும்வரை வைத்திருக்காமல் அங்கேயே சுட்டுத் தின்றுவிடுங்கள்.